ஈழத்தலரி: காயவைத்து நட்டால் வேர் பிடிக்கும்

பெயரில் ஈழம் இருந்தாலும் ஈழத்தலரியின் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்தான். நர்சரியில் புளூமேரியா என்று கேட்டாலும் தருவார்கள். பதினைந்து அடிக்குள் அடக்கி வைக்கலாம் என்பதால் சிறிய தோட்டத்துக்கு ஏற்ற மரம். விதையில் முளைத்த கன்று தாய்மரத்துப் பூவின் நிறத்தையே தரும் என்று சொல்ல முடியாது. அதனால் போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, வைப்பதே நல்லது.

போத்து எடுத்தல்: மரம் இலை உதிர்த்து நிற்கும் மாசி மாதம் சரியான சமயம். பச்சை நிறத் தளிர்க்கொம்பு வேண்டாம், எளிதில் அழுகிவிடும். சாம்பல் நிறத்தில் முற்றிய கிளையாகப் பார்த்து, ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டுங்கள். வடியும் பால் தோலில் எரிச்சல் தரும். கையுறை போடுங்கள், கண்ணில் படாமல் பாருங்கள். இலை இருந்தால் கிள்ளிவிடுங்கள்.

காயவைத்தல்: பலர் தவறவிடும் இடம் இதுதான். வெட்டியதும் நடக்கூடாது. நிழலில், காற்றோட்டமான இடத்தில் 7 முதல் 10 நாள் சாய்த்து வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து கெட்டியாக மூடிக்கொள்ள வேண்டும். பச்சைக் காயத்தோடு ஈர மண்ணுக்குள் போனால் பூஞ்சை அந்த வழியாகவே நுழையும். கம்பு சற்றே சுருங்கினால் பயப்பட வேண்டாம்.

நடுதல்: அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் ஆற்று மணல் 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு கலந்து நிரப்புங்கள். நான்கு அங்குல ஆழத்தில் நட்டு, பக்கத்தில் குச்சி ஊன்றிக் கட்டுங்கள். கம்பு ஆடினால் புதிய வேர் அறுந்துபோகும். நட்ட அன்று ஒரு முறை தண்ணீர் போதும். பிறகு இலை விரியும் வரை, மண் முழுக்கக் காய்ந்தால் மட்டும் ஒரு குவளை. வேரும் இலையும் இல்லாத கம்புக்குக் குடிக்க வழியில்லை. ஊற்றிய நீர் மண்ணிலேயே தங்கி அடியை அழுக வைக்கும்.

அடிப்பகுதி கறுத்து மெத்தென்று ஆகிவிட்டால் உடனே பிடுங்குங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரியும் வரை வெட்டி, மறுபடி காயவைத்து நட்டால் பெரும்பாலும் பிழைக்கும்.

இரண்டு மாதத்தில் வேர் ஓடிவிடும். நான்கைந்து இலை முழுதாக விரிந்ததும், நாளுக்கு ஆறு மணி நேரம் வெயில் விழும் மேட்டு இடத்தில் மாற்றி நடலாம். தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகவே ஆகாது. யூரியாவும் வேண்டாம், இலைதான் செழிக்கும், பூ வராது.

மழைக்காலத்தில் இலையடியில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தால் அது துரு நோய். அந்த இலைகளைப் பறித்து அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் போதும்.

கவாத்தில் மட்டும் நிதானம் தேவை. பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். பூத்த இடத்துக்குக் கீழிருந்து புதுக்கிளைகள் பிரியும். அழகுக்காக எல்லா நுனியையும் வெட்டினால் அந்த ஆண்டுப் பூ போய்விடும். குறுக்கே ஓடும் கிளைகளை மட்டும், இலை உதிர்ந்த காலத்தில் எடுங்கள்.