மாதாமாதம் வருகிறவருக்கு மெனிக்யூர், பெடிக்யூர்: நம்ம கடலோரப் பார்லர்களுக்குச் சில யோசனைகள்

தண்ணீரில் ரோஜா இதழ் மிதக்கவிடுவது, மெழுகுவத்தி ஏற்றி வைப்பது, மெல்லிசாக ஒரு பாட்டுப் போடுவது எல்லாம் முதல் தடவை வருகிறவருக்குப் பிடிக்கும். மாதாமாதம் வருகிறவருக்கு மூன்றாவது மாதமே பழகிப்போய்விடும். தன் கை என்ன வேலை பார்க்கிற கை, போன தடவை எந்த விரலில் வலித்தது, எந்தக் குதிகாலில் வெடிப்பு இருந்தது என்பதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதே, அதுதான் அவருக்கு மனசில் நிற்கும். ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் என்று நம்ம பக்கத்துப் பார்லர்களில் பெரும்பாலும் ஒருவர் இருவர்தான் வேலை பார்க்கிறோம், அலங்காரத்தில் மதுரைக் கடைகளோடு போட்டி போட முடியாது, ஆனால் வருகிற கையைத் தெரிந்து வைத்திருப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது.

அதற்கு ஒரு நோட்டு போடுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். எந்த நிறம் போட்டோம் என்று மட்டும் எழுதினால் போதாது. தொழில், சர்க்கரை இருக்கிறதா, எந்த எண்ணெய் ஒத்துக்கொள்ளாது, நகம் எந்த வடிவம், அழுத்திப் பிடித்தால் பிடிக்குமா மெதுவாகவா, பேசப் பிடிக்குமா கண்ணை மூடிக்கொள்வாரா, எல்லாம் எழுதுங்கள். நகத்தில் கண்டதையும் எழுதுங்கள். கைவிரல் நகம் மாதத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், கால் நகம் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். கால் பெருவிரலில் கதவு இடித்துக் கறுத்த இடம் மாதாமாதம் நுனியை நோக்கி நகர்ந்துகொண்டே வந்தால் அது கட்டிய ரத்தம், வளர வளரப் போய்விடும். நகராமல் அதே இடத்தில் நின்றாலும், வேரிலிருந்து நுனி வரை கறுப்புக் கோடாக அகலமாகிக்கொண்டே போனாலும் பாலிஷ் போட்டு மூடிவிடாதீர்கள், "அக்கா, இதைத் தோல் டாக்டரிடம் ஒருதரம் காட்டிவிடுங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிட்டுச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான், அவர் வீட்டில் யாரும் அவர் கால் நகத்தை அவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை.

சரி, தண்ணீருக்கு வருவோம். நம்ம ஊர் போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. சோப்பு நுரைக்காது, திரிதிரியாகி காலில் வெள்ளையாகப் படியும், எவ்வளவு நல்ல கிரீம் போட்டாலும் தோல் பிசுபிசுவென்று இருக்கும். ஊறவைக்க என்ன தண்ணீர் வைத்தாலும், கடைசியாக அலச மட்டும் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஒரு செம்பு எடுத்து வையுங்கள். செலவு சொற்பம், வித்தியாசம் உடனே தெரியும்.

கையை ஊறவைப்பதை, பாலிஷ் போடப்போகிறவருக்கு, விட்டுவிடுவதே நல்லது. நகம் தண்ணீரை உறிஞ்சி லேசாக உப்பும், அதன்மேல் பாலிஷ் போட்டால், காய்ந்து சுருங்கும்போது பாலிஷ் விளிம்பிலிருந்து பெயர ஆரம்பிக்கும். எண்ணெய் தடவி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த டவலை ஐந்து நிமிடம் சுற்றி வைத்தால் தோல் இளகிவிடும். கியூட்டிகிளை, அதாவது நகத்தின் அடியில் ஒட்டியிருக்கிற மெல்லிய தோலை, வெட்டாதீர்கள். நகத்தின் வேருக்குள் கிருமி போகாமல் அடைத்துக்கொண்டிருப்பது அதுதான், இளகியதும் மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளிவிட்டால் போதும்.

நோட்டில் தொழிலையும் எழுதச் சொன்னேன் அல்லவா, வேலைக்குத் தக்க மாதிரி கவனிப்பதற்குத்தான், அதில் நம்ம மாவட்டத்துக்கே உரிய சில கைகள் இருக்கின்றன. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும், அந்த மிளகாயைக் காம்பு கிள்ளுகிற கை எப்படி எரியும் என்பது கிள்ளுகிறவருக்குத்தான் தெரியும். அந்தக் காரம் தண்ணீரில் கரையாது. வந்ததும் வெந்நீரில் கையை முக்கினால் எரிச்சல் ஏறத்தான் செய்யும். முதலில் தேங்காய் எண்ணெயை நகக்கண் வரை தாராளமாகத் தேய்த்து, துணியால் துடைத்து, அப்புறம் சோப்பு, இதை இரண்டு தரம் செய்யுங்கள். அன்றைக்கு ஸ்க்ரப் வேண்டவே வேண்டாம். அவர் பயன்படுத்திய டவலையும் தனியாகத் துவையுங்கள், அடுத்தவர் முகத்துக்குப் போய்விடக் கூடாது.

மீன் வெட்டுகிறவர், கருவாட்டு வேலை பார்க்கிறவர் கையை நீட்டவே கூச்சப்படுவார். அவர் சொல்லும் முன்பே, எல்லாருக்கும் செய்கிற மாதிரி, நீர்த்த புளித்தண்ணீரில் கையைக் கழுவி அலசிவிடுங்கள், கவிச்சி நன்றாகக் குறையும். எலுமிச்சையும் கேட்கும்தான், ஆனால் சாறு தோலில் தங்கி வெயில் பட்டால் கொப்புளமும் கறுப்புத் திட்டும் வரும், நம்ம வெயிலில் அந்த வம்பு வேண்டாம். மண்டபம் பக்கம் கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிற அக்காமார் விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள், அப்படியும் பாறை கீறிவிடும். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு முன்னால் வந்தால் புளி, உப்பு, எலுமிச்சை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. கீறலைச் சுற்றி விட்டுவிட்டு மற்ற இடத்தில் எண்ணெய் மட்டும். புண் ஆறவில்லை என்றால் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

சர்க்கரை உள்ளவர் காலுக்குத் தனி நிதானம் வேண்டும். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது, அதனால் தண்ணீரை உங்கள் முழங்கையில் தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், விரலிடுக்கை ஒற்றித் துடையுங்கள். பிளேடு யாருக்குமே கூடாது, இவருக்கு நிச்சயமாகக் கூடாது. குதிகால் வெடிப்பை ஒரே நாளில் வழவழப்பாக்க நினைத்தால் பச்சைத் தோல் வெளியே வந்துவிடும், மணலில் வெறுங்காலோடு நடக்கிற ஊரில் அது ரணமாகிவிடும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்த்து, யூரியா கலந்த கிரீம் போட்டு, ராத்திரி சாக்ஸ் போட்டுத் தூங்கச் சொல்லுங்கள். ஆறாத புண், நிறம் மாறிய விரல் கண்டால் பெடிக்யூரே வேண்டாம், ஆஸ்பத்திரிதான். கால் நகத்தை எல்லாருக்கும் நேராக வெட்டுங்கள், ஓரத்தைக் குடைந்தால் சதைக்குள் வளரும்.

நகத்தைத் தேய்க்கிற மர ஃபைலையும் மினுக்குகிற பஃபரையும் என்ன செய்தாலும் முழுசாகச் சுத்தம் செய்ய முடியாது. அதனால் வாடிக்கையானவருக்கென்றே ஒரு ஃபைல், ஒரு பஃபர், ஒரு குச்சி வாங்கி, சின்னப் பனை ஓலைக் கொட்டானில் பேர் எழுதி வைத்துவிடுங்கள். ஓலைக் கொட்டான் நம்ம பக்கம் சல்லிசாகக் கிடைக்கும், காற்றும் போகும், ஆனாலும் நன்றாகக் காயவைத்துத்தான் உள்ளே போட வேண்டும். தன் பேர் போட்ட கொட்டானை அலமாரியிலிருந்து எடுத்து வைக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். எந்தத் தள்ளுபடியும் அப்படி ஒரு சந்தோஷத்தைத் தராது. கத்தரி, நிப்பர் மாதிரி இரும்புச் சாமான்களைச் சோப்புப் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிய பிறகு பாக்கெட்டில் போட்டு, அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்கிற ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைப்பதுதான் சரியான முறை. நீல விளக்குப் பெட்டியில் வைத்துவிட்டால் கிருமி போய்விடும் என்று நம்பாதீர்கள். பாக்கெட்டை அவர் கண்முன்னே பிரியுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான், புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பாலிஷ் இருந்தால் ஒளு (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவது) செய்யும்போது நகத்தில் தண்ணீர் படாது என்பதால் தொழுகிற நாட்களில் பலர் பாலிஷ் போடுவதில்லை. போடுகிற நாளில் ஏன் எதற்கு என்று கேட்காதீர்கள். மற்ற நாட்களில் பஃபரால் லேசான மினுமினுப்பு மட்டும் கொடுங்கள், அதுவும் மாதம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், நகம் மெலிந்துபோகும். மருதாணி வைக்கப்போகிறார் என்றால் மெனிக்யூர் முதலில், மருதாணி அப்புறம். மாற்றிச் செய்தால் ஸ்க்ரப்பில் சிவப்பெல்லாம் போய்விடும். உடனே கறுக்கிற கோனைக் கடையிலேயே வைக்காதீர்கள், அதில் கலக்கிற தலைச்சாய ரசாயனம் கையைப் புண்ணாக்கும். நோன்பு மாதத்தில் நோன்பு திறந்த பிறகு ஒரு நேரம் ஒதுக்கி, "லாத்தா, உங்களுக்காக எட்டரை மணிக்கு வைத்திருக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாசலில் கனத்த திரை, ஆம்பளை யாரும் உள்ளே வராத ஏற்பாடு, இரண்டும் வருஷம் முழுக்க இருக்கட்டும்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, தடைக்காலம் 61 நாளும், விசைப்படகுக் குடும்பங்களில் கையில் காசு இருக்காது. அந்த வீட்டுப் பெண்கள் வராமல் நின்றுவிட்டால் திரும்ப வரக் கூச்சப்படுவார்கள். நகம் வெட்டி, எண்ணெய் தேய்த்துவிடுகிற சின்ன வேலை ஒன்றைக் குறைந்த விலையில் எல்லாருக்கும் பொதுவாக அந்த மாதங்களில் வையுங்கள், யாருக்காக என்று போர்டில் எழுத வேண்டாம்.

மசாஜில்தான் பலர் அவசரப்படுகிறோம், எனக்கு அதுதான் மொத்த வேலையிலும் முக்கியமான பத்து நிமிடம். எண்ணெயை முதலில் உங்கள் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குங்கள். அவர் கையை அடியிலிருந்து தாங்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். மணிக்கட்டு விறைப்பாக இருந்தால் அவர் இன்னும் தன் கையைத் தானே தூக்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், பாரம் மெல்ல உங்கள் கையில் இறங்கும், அப்போது ஆரம்பியுங்கள். முழங்கையிலிருந்து கீழே வாருங்கள், கட்டைவிரல் அடியில் இருக்கிற சதைமேட்டில் நில்லுங்கள், போன் பிடிக்கிறவர், துணி தைக்கிறவர், மாவு பிசைகிறவர் எல்லாருக்கும் வலி அங்கேதான் இருக்கும். ஒரு கையை எடுத்தால் இன்னொரு கை அவர்மேல் இருக்கட்டும். போன் அடித்தால் எடுக்காதீர்கள். மற்ற கஸ்டமர் வீட்டுக் கதை வாயில் வரவே கூடாது, சின்ன ஊர், தன் கதையும் இப்படித்தான் போகும் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

பாலிஷுக்கு முன்னால் நகத்தை மட்டும் ரிமூவரால் துடையுங்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் ஒட்டாது. மெல்லிசாக இரண்டு கோட், ஒவ்வொன்றிலும் நகத்தின் நுனி விளிம்பிலும் பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்து மூடுங்கள். அதற்கும் முன்னாலேயே காசு வாங்குவது, மீதி கொடுப்பது, அடுத்த தேதி எழுதுவது, வண்டிச் சாவியைக் கையில் எடுத்து வைக்கச் சொல்வது எல்லாம் முடிந்துவிட வேண்டும், ஈர நகத்தோடு யாரையும் பர்ஸைத் துழாவ விடாதீர்கள். ஆடிக் காற்றில் நம்ம தெருவில் மணல் பறக்கும், ஈரப் பாலிஷில் ஒரு துகள் ஒட்டினாலும் போச்சு. அரை மணி நேரம் உட்காரவைத்து ஒரு டீயோ சுக்குமல்லிக் காப்பியோ கொடுங்கள், விரல் மூடாத செருப்போடு வரச்சொல்லி முதல் நாளே செய்தி அனுப்பிவிடுங்கள். மூன்று நாளுக்குள் ஒரு நகம் பெயர்ந்தால் காசில்லாமல் சரிசெய்து கொடுங்கள், எந்த நிறம் என்று நோட்டில் இருக்கும்.