குடும்ப பேக்கரியின் வரலாற்றை எழுதுவது எப்படி?

குடும்பமாக நடத்தும் ஒரு சிறு பேக்கரியின் வரலாற்றை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் அதை நிறுவியவரின் பிறப்பிலிருந்து தொடங்குகிறார்கள். நான் அடுப்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எத்தனை ஆட்கள் தேவைப்பட்டார்கள், ஒரு நாளில் எவ்வளவு சரக்கு போட முடிந்தது என்பதையெல்லாம் தீர்மானித்தது அதுதான். செங்கல் அடுப்பில் விறகை எரித்து, தணலை வாரிவிட்டு, உள்தரையை ஈரச்சாக்கால் துடைத்த பின், செங்கல்லில் தங்கிய சூட்டிலேயே ரொட்டியை வேகவைப்பார்கள். சூடு தணியத் தணிய, ரொட்டிக்குப் பின் கேக், அதற்கும் பின் பிஸ்கட் என்று அன்றைய வேலையே வரிசைப்படும். எரிவாயு அல்லது மின்சார ஓவன் வந்த நாளில் இந்த வரிசை கலைந்திருக்கும். அது எந்த ஆண்டு, அதனால் யாருடைய வேலை போயிற்று என்பதை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பெரியவர்களிடம் “அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். மாவை எப்போது பிசைந்தீர்கள், எவ்வளவு நேரம் புளிக்க விட்டீர்கள், இரவில் யார் காவல் இருந்தார்கள் என்று வேலையின் போக்கிலேயே கேளுங்கள். குறைந்த ஈஸ்ட் சேர்த்து இரவு முழுவதும் புளிக்கவிட்ட மாவு, பின்னாளில் இரண்டு மூன்று மணி நேரத்தில் தயாராகத் தொடங்கியது என்றால், அந்தக் குடும்பத்தின் தூக்கமே மாறியிருக்கிறது என்று பொருள்.

அளவு நோட்டு கிடைத்தால் அதைப் பொக்கிஷமாகக் கருதுங்கள். பேக்கரிக் கணக்கில் மாவை 100 என்று வைத்து, தண்ணீர், உப்பு, சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் அதன் விகிதத்தில் எழுதுவது வழக்கம். சர்க்கரையின் எண்ணை அடித்துவிட்டு, வேறு மையில், வேறு கையெழுத்தில் குறைத்து எழுதியிருந்தால், அது தட்டுப்பாட்டாலா, விலையேற்றத்தாலா, அல்லது பொறுப்பு அடுத்த தலைமுறைக்குக் கைமாறியதாலா என்பதை அதே காலத்துக் கொள்முதல் ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கங்களைப் புரட்டும்போதே படமெடுத்துவிடுங்கள். எண்ணெய் ஊறிய தாள் எளிதில் கிழியும்.

நினைவில் சொல்லும் ஆண்டுகளைத் தொழிலின் பொது வரலாற்றோடும் உரசிப் பார்க்க வேண்டும். ரொட்டியைத் துண்டு போடும் இயந்திரம் முதன்முதலில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது 1928இல், அமெரிக்காவில். அதற்கு முன்பே துண்டு போட்ட ரொட்டி விற்றதாக ஒருவர் சொன்னால், கத்தியால் அறுத்து விற்றதைச் சொல்கிறாரா என்று விசாரியுங்கள். இருவர் மாறுபட்டுச் சொன்னால், சொன்னவரைக் குறிப்பிட்டு இரண்டையும் பதிவு செய்யுங்கள்.

உரிமத்தில் ஒருவர் பெயர்தான் இருக்கும். கல்லாவைப் பார்த்துக்கொண்ட மனைவியும் அச்சுத் தகரங்களுக்கு எண்ணெய் தடவிய பிள்ளைகளும் எந்த ஆவணத்திலும் இருக்க மாட்டார்கள். அவர்கள் உழைப்பை விட்டுவிட்டு எழுதுவது வரலாறே ஆகாது. கடன், பாகப்பிரிவினை போன்றவற்றைத் தனியே கேட்டு, சம்மதம் பெற்ற பிறகே சேருங்கள். எழுதி முடித்த பிரதியைக் குடும்பத்தாருக்குக் கொடுக்கும் முன், அங்கே நெடுநாள் வேலை பார்த்த மாஸ்டர் ஒருவரிடம் வாசித்துக்காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களை அவர் பெயரோடு, அவர் சம்மதித்தால், சேர்த்துக்கொள்ளுங்கள்.