ரொக்க டிப்ஸும் வருமான வரியும்: அமெரிக்க உணவக சர்வர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்டில் வரும் டிப்ஸுக்குத்தான் வரி, கையில் வாங்கும் ரொக்கம் கணக்கில் வராது என்ற எண்ணம் அமெரிக்க உணவகங்களில் பணிபுரியும் சர்வர்களிடையே இன்னமும் வேரூன்றி இருக்கிறது. கூட்டாட்சி வரிச் சட்டம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வாடிக்கையாளர் பில்லோடு வைத்துவிட்டுப் போகும் ஐந்து டாலர் தாளும் சம்பளத்தைப் போலவே வரிக்குரிய வருமானம்தான்.

பெரும்பாலான சிக்கல்கள் அன்றன்று எழுதி வைக்காததில்தான் தொடங்குகின்றன. ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஷிப்ட் முடியும்போது ஏப்ரன் பையில் 140 டாலர் ரொக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் மேசை துடைக்கும் பஸ்ஸருக்கு 25, பார்டெண்டருக்கு 15 என்று பிரித்துக் கொடுத்த பிறகு சர்வருக்கு மிஞ்சுவது 100 டாலர். அவர் தம் வருமானமாகக் காட்ட வேண்டியது இந்த 100 மட்டுமே. மற்ற 40 டாலர் வாங்கியவர்களின் கணக்கில் சேரும். ஆனால் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை எழுதாமல் விட்டால், மாதக் கடைசியில் நினைவிலிருந்து குத்துமதிப்பாக ஒரு தொகையைப் போட்டு, பிறர் வாங்கிய பணத்துக்கும் சேர்த்து வரி கட்ட நேரிடும், அல்லது குறைத்துக் காட்டி மாட்டிக்கொள்ள நேரிடும். தேதி, ரொக்கம், கார்டு டிப்ஸ், பிறருக்குக் கொடுத்தது என நான்கு பத்திகள் கொண்ட சிறிய நோட்டு ஒன்று போதும். வீட்டுக்குக் கிளம்பும் முன்பே எழுதிவிட வேண்டும்.

ஒரே முதலாளியிடம் ஒரு மாதத்தில் பெற்ற டிப்ஸ் 20 டாலரை எட்டினால், அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் அவரிடம் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். 20 டாலருக்குக் குறைந்தால் வரியே இல்லை என்று சிலர் எண்ணுவது தவறு. முதலாளியிடம் சொல்லத் தேவையில்லை என்பதே அதன் பொருள். ஆண்டு வருமான வரிக் கணக்கில் அந்தத் தொகையையும் சேர்த்தே ஆக வேண்டும்.

ஆறு பேருக்கு மேல் வரும் குழுக்களின் பில்லில் உணவகமே கட்டாயமாகச் சேர்க்கும் 18 சதவீதம் போன்ற தொகையை டிப்ஸ் என்று எழுதிக்கொள்வதும் பிழை. அது சேவைக் கட்டணம். சர்வருக்கு அதில் வரும் பங்கு சம்பளமாகவே கருதப்படும்.

2025 ஜூலையில் வந்த சட்டத்தைப் பற்றிய தவறான புரிதல்தான் இப்போது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. ‘டிப்ஸுக்கு இனி வரியே கிடையாது’ என்று கேள்விப்பட்டுக் கணக்கு காட்டுவதையே நிறுத்திவிட்டால் கிடைக்க வேண்டிய சலுகையும் கிடைக்காமல் போகும். அந்தச் சட்டம் 2025 முதல் 2028 வரையிலான ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸைக் கூட்டாட்சி வருமான வரிக்குரிய தொகையிலிருந்து கழித்துக்கொள்ள மட்டுமே அனுமதிக்கிறது. வருமானம் 150,000 டாலரை (கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்டினால் 300,000 டாலரை) தாண்டினால் கழிவு குறைந்துகொண்டே போகும். முறையாகக் கணக்கில் காட்டிய டிப்ஸுக்குத்தான் இந்தக் கழிவு உண்டு. மேலே சொன்ன சேவைக் கட்டணத்துக்கு இது கிடையாது. சோஷியல் செக்யூரிட்டி என்னும் அரசு ஓய்வூதியத் திட்டத்துக்கு 6.2 சதவீதமும் மெடிகேர் என்னும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதமும் வழக்கம்போல் பிடிக்கப்படும்.

இந்த 7.65 சதவீதத்தை மிச்சப்படுத்தவே பலர் ரொக்கத்தை மறைக்கிறார்கள். டிப்ஸ் பெறுவோருக்கான கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலராகவே நிற்கும் நிலையில், அந்த ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம், அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளின் பதிவான வருமானத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. டிப்ஸை மறைத்த சர்வர், இருபது வருடம் உழைத்திருந்தாலும், அங்கே மணிக்கு 2.13 டாலர் வாங்கியவராகவே பதிவாகிறார். கடன் கேட்டுப் போகும்போது வங்கி பார்ப்பதும் காட்டிய வருமானத்தைத்தான். பிடிபட்டாலோ, முதலாளியிடம் தெரிவிக்காத டிப்ஸுக்கான சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகளோடு அவற்றில் பாதியை அபராதமாகவும் கட்ட நேரலாம். விடுபட்டதை 4137 எண் படிவம் மூலம் ஆண்டு வருமான வரிக் கணக்கில் தாமாகவே காட்டிவிட வழி இருக்கிறது.

கடைசியாக அந்த 8 சதவீதக் கதை. விற்பனையில் 8 சதவீதத்தை டிப்ஸாகக் காட்டினால் சட்டம் திருப்தி அடைந்துவிடும் என்று பழைய ஊழியர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுண்டு. அப்படி ஒரு விதியே இல்லை; உண்மையில் பெற்றது எவ்வளவோ அவ்வளவையும் காட்ட வேண்டும். பெரிய உணவகங்களில் ஊழியர்கள் காட்டிய மொத்த டிப்ஸ் விற்பனையில் 8 சதவீதத்துக்குக் குறைந்தால், அந்தப் பற்றாக்குறையை முதலாளி ஊழியர்களிடையே பங்கிட்டு ஆண்டுச் சம்பள விவரம் தரும் டபிள்யூ-2 படிவத்தின் 8ஆம் எண் கட்டத்தில் போடுவார். அந்தத் தொகைக்கு வரி பிடிக்கப்பட்டிராது என்பதால் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறவர்கள் உண்டு. பிறகு வரித்துறையிடமிருந்து கடிதம் வரும்போது, ‘எனக்கு உண்மையில் அவ்வளவு வரவில்லை’ என்று நிறுவ வேண்டிய பொறுப்பு சர்வருடையது. அப்போது அவர் எடுத்து வைக்க வேண்டியது, ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் தம் கையால் எழுதிய அந்த நோட்டைத்தான்.