கனமான கேரவனில் ஐரோப்பா: டோல் கட்டுவது எப்படி, படிப்படியாக

நோன்புப் பெருநாளுக்குக் கீழக்கரை வந்திருந்தவர்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். பிள்ளை ஜெர்மனியில் இருக்கிறான், கோடை லீவுக்குக் கூப்பிடுகிறான், கேரவன் எடுத்து நாலு நாடு சுற்றிவிட்டு வரலாம் என்கிறான், டோல்தான் குழப்பமாக இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

2024 மே மாதம் நாங்கள் ஆறு பேர் ம்யூனிக்கில் கிளம்பி ஆஸ்திரியா, இத்தாலி, பிரான்ஸ், மறுபடி இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று சுற்றி ஜெர்மனிக்குத் திரும்பினோம். வாப்பா, உம்மா, லாத்தா, மச்சான், அவர்கள் மகன், நான். நாம் கேரவன் என்று சொல்வதை அங்கே மோட்டார்ஹோம் என்கிறார்கள்: படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். ஓட்டியது மச்சான். காகிதம், கார்டு, டோல் என் பொறுப்பு. விசா, டிக்கெட், இன்சூரன்ஸ் பற்றி இதில் எழுதவில்லை, அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஃபாஸ்டேக் ஒட்டிவிட்டால் போகலூர் டோல்கேட்டில் வேலை செய்யும் அதே ஸ்டிக்கர் டெல்லி வரைக்கும் வேலை செய்யும். அங்கே எல்லை தாண்டினால் அளவுகோலே மாறிவிடும். ஆஸ்திரியா எடையையும் அச்சையும் (சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில் எத்தனை என்று) பார்க்கிறது, இத்தாலி அச்சையும் முன்பக்க உயரத்தையும் பார்க்கிறது, பிரான்ஸ் மொத்த உயரத்தையும் எடையையும் பார்க்கிறது, சுவிட்சர்லாந்து கனமான வண்டிக்கு நாள் கணக்கு போடுகிறது. அதனால் "எவ்வளவு ஆகும்?" என்று ஆரம்பிக்காமல், "இந்த நாட்டில் எதை வைத்து அளக்கிறார்கள்?" என்று ஒவ்வொரு எல்லைக்கு முன்னாலும் கேளுங்கள்.

படி 1: பதிவுச் சீட்டில் எஃப்.1 எங்கே என்று பாருங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் ஆர்.சி. போல அங்கேயும் வண்டிக்கு ஒரு பதிவுச் சீட்டு உண்டு. மடித்த சின்னத் தாள், கட்டம் கட்டமாக இருக்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்து. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அந்த எழுத்துகள் ஒன்றுதான், மொழி தெரியாவிட்டாலும் கண்டுபிடித்துவிடலாம். 'ஜி' என்ற கட்டத்தில் இருப்பது சரக்கும் பயணிகளும் ஏறாத, ஓட்டத் தயாரான வண்டியின் எடை. 'எஃப்.1' என்பது தொழில்நுட்ப ரீதியாக அந்த வண்டி அதிகபட்சம் எவ்வளவு எடை வரை தாங்கலாம் என்ற கணக்கு. 'எஃப்.2' என்பது பதிவு செய்த நாடு அனுமதித்த அதிகபட்ச எடை.

ஆஸ்திரியாவில் 3.5 டன் வரைக்கும் ஸ்டிக்கர் போதும், விக்னெட் என்பார்கள். நான் 'ஜி' கட்டத்தைப் பார்த்தேன், 3,200 சொச்சம் கிலோ என்று இருந்தது. வண்டியை வாடகைக்குக் கொடுத்தவரும் ஸ்டிக்கர் போதும் என்றே சொன்னார். சரி என்று வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் பத்து நாள் ஸ்டிக்கர் வாங்கிக் கண்ணாடியில் ஒட்டியும் விட்டோம்.

குஃப்ஸ்டைன் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் டீசல் போட நின்றோம். கவுன்டரில் இருந்த அம்மா ஜன்னல் வழியாக எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கேட்டார். வாங்கி மேஜையில் விரித்து, எஃப்.1 கட்டத்தின் மேல் விரலை வைத்தார். 4,500. பக்கத்தில் இருந்த, கனமான வண்டிக்கு டோல் கழிக்கும் 'கோ-பாக்ஸ்' என்ற வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை. ஒட்டிய ஸ்டிக்கருக்குப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த அம்மா கேட்காமல் விட்டிருந்தால் சாலைக்குக் குறுக்கே கேமராவோடு நிற்கும் அடுத்த இரும்பு வளைவிலேயே அபராதத்தில் மாட்டியிருப்போம். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஆஸ்திரியாவில் வண்டி இப்போது எவ்வளவு எடை இருக்கிறது என்பது கணக்கே இல்லை. தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தாலும் சீட்டில் எஃப்.1 என்ன சொல்கிறதோ அதுதான் எடை. வாடகை வண்டி என்றால் பணம் கட்டுவதற்கு முன்பே அந்தச் சீட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுங்கள்.

படி 2: ஓட்டுவது யார்?

நம் எல்.எம்.வி. லைசென்ஸில் 7,500 கிலோ வரை ஓட்டலாம். அந்த நினைப்பில் அங்கே போகாதீர்கள். ஜெர்மனியில் சாதாரண 'பி' லைசென்ஸ் 3,500 கிலோவோடு நின்றுவிடும், அதற்கு மேல் 7,500 வரை 'சி1' வேண்டும். நாம் இங்கே வாங்கும் சர்வதேச அனுமதிச் சீட்டிலும் 'பி' பிரிவு 3,500 கிலோதான். மச்சான் அங்கே லாரி ஓட்டுகிறவர், எங்களுக்குக் கவலை இல்லாமல் போனது. உங்கள் வீட்டில் அப்படி ஆள் இல்லையென்றால் 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டியே எடுங்கள். இந்தப் பக்கத்தில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

படி 3: ஆஸ்திரியா, கோ-பாக்ஸ்

கோ-பாக்ஸ் என்பது உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பெட்டி, ஒரே ஒரு பட்டன். எல்லையை ஒட்டிய பங்குகளில் கிடைக்கும். பதிவுச் சீட்டைக் கொடுத்தால் அச்சு எண்ணிக்கையும் புகை வகுப்பும் பார்த்துப் பதிந்து தருவார்கள். யூரோ 5, யூரோ 6 என்கிற அந்தப் புகை வகுப்புக்கு ஆதாரம் காட்டாவிட்டால் மோசமான வகுப்பின் கட்டணத்தைப் போட்டுவிடுவார்கள். அதனால் சீட்டின் அசல் கையில் இருக்கட்டும்.

முன்பணம் போட்டு ஓட்டுவது, பிறகு கார்டில் கழிப்பது என்று இரண்டு வழி உண்டு. நான் முன்பணத்தைத்தான் சொல்வேன். கையில் எவ்வளவு போனது என்று கண்ணால் தெரியும், பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது மீதியும் வரும்.

இப்போது முக்கியமான விஷயம், சத்தம். சாலைக்குக் குறுக்கே இரும்பு வளைவு வரும். அதன் அடியில் போகும்போது ஒரு 'பீப்' கேட்டால் பணம் கழிந்தது, எல்லாம் சரி. இரண்டு 'பீப்' என்றால் இருப்பு குறைகிறது. நான்கு 'பீப்' என்றால் பணம் கழியவில்லை. சத்தமே வராவிட்டாலும் கழியவில்லை என்றுதான் அர்த்தம். அப்போது ஐந்து மணி நேரத்துக்குள், 100 கிலோமீட்டருக்குள், அடுத்த விற்பனை இடத்தில் நிறுத்தி விடுபட்டதைக் கட்டிவிட வேண்டும்.

எங்களுக்கு முதல் வளைவில் சத்தம் வரவில்லை. லாத்தா மகன் போனில் பாட்டு போட்டிருந்தான், அதனால் கேட்கவில்லை என்று நினைத்தோம். பாட்டை நிறுத்தச் சொல்லி இரண்டாவது வளைவைப் பார்த்தோம், அப்போதும் அமைதி. இன்ஸ்ப்ரூக் போவதற்குள் நிறுத்தி விசாரித்தால் கோளாறு கண்ணாடியில். சில வண்டிகளின் முன்கண்ணாடியில் வெயில் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும், அதைத் தாண்டி அலை போகாது. அந்தக் கண்ணாடிகளில் கண்ணாடி நடுவே மேலே கறுப்புப் புள்ளிகளாக ஒரு பட்டை விட்டிருப்பார்கள், அங்கே பூச்சு கிடையாது. பெட்டியைக் கழற்றி அங்கே ஒட்டினோம், விடுபட்ட இரண்டுக்கும் பணம் கட்டினோம். அடுத்த வளைவில் 'பீப்' கேட்டதும் வாப்பா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகவே சொன்னார்கள்.

ஆகவே முதல் வளைவு வரும்வரை வண்டிக்குள் பேச்சும் வேண்டாம், பாட்டும் வேண்டாம்.

ப்ரென்னர் கணவாய்க்குப் போகும் ஏ13 சாலையில் கார்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கனமான வண்டிக்கு அதையும் கோ-பாக்ஸே கழித்துக்கொள்ளும். அந்த வழியில் ஐரோப்பாப் பாலம் வரும், பள்ளத்தாக்கிலிருந்து 190 மீட்டர் உயரம். பாம்பன் பாலத்தில் காற்றடிக்கும்போதுகூட ஜன்னலோரம் உட்காரும் உம்மா இங்கே கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஆஸ்திரியாவை விட்டு வெளியேறும் முன், எல்லையில் உள்ள கடைசி விற்பனை இடத்தில் பெட்டியைக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் வேறு வழியாகத் திரும்பியதால் அங்கே கொடுக்காமல் வந்திருந்தால் பெட்டி ராமநாதபுரத்துக்குத்தான் வந்திருக்கும்.

படி 4: இத்தாலி

இங்கே எடை ஒரு பொருட்டே இல்லை. இரண்டு அச்சு வண்டியில், முன்சக்கரத்துக்கு நேர் மேலே உயரம் 1.3 மீட்டருக்குள் இருந்தால் 'ஏ', தாண்டினால் 'பி'. மோட்டார்ஹோம் எல்லாம் 'பி'தான். மூன்று அச்சு என்றால் வகுப்பு 3.

நுழையும்போது சீட்டு எடுக்க வேண்டும், இறங்கும்போது பணம். இறங்கும் இடத்தில் வரிசையைச் சரியாகப் பிடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மஞ்சள் பலகை டெலிபாஸ் என்ற இத்தாலிய டோல் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும், தெரியாமல் போய்விடாதீர்கள். நீலம் கார்டுக்கு. பணத்தாளும் நாணயமும் படம் போட்ட வெள்ளைப் பலகை ரொக்கத்துக்கு. நான் எப்போதும் வெள்ளைக்கே போகச் சொன்னேன்.

காரணம் கார்டு. நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும், நாம்தான் வங்கி ஆப்பில் திறந்துவிட வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள். பின் நம்பர் மனப்பாடமாக இருக்கட்டும். அப்படியும் ஒரு மெஷின் என் கார்டை ஏற்கவில்லை, பின்னால் நாலு கார் நிற்கிறது. உதவி பட்டனை அழுத்தினால் பணம் கட்டவில்லை என்று ஒரு சீட்டு வரும், தடுப்பும் திறக்கும். அதைப் பதினைந்து நாளுக்குள் கட்டிவிட வேண்டும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்னோக்கி மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள்.

படி 5: பிரான்ஸ்

மொத்த உயரம் 2 முதல் 3 மீட்டர், எடை 3.5 டன்னுக்குள் என்றால் வகுப்பு 2. உயரம் 3 மீட்டரைத் தொட்டாலோ, எடை 3.5 டன்னைத் தாண்டினாலோ, இரண்டு அச்சு வண்டிக்கு வகுப்பு 3. அதே உயரம் அல்லது எடையில் மூன்று அச்சோ அதற்கு மேலோ இருந்தால் வகுப்பு 4. கூரையில் ஏ.சி. பெட்டி வைத்து உயரம் கூடிவிட்ட வண்டிகள் இங்கே மாட்டும், அளந்துவிட்டுப் போங்கள். பச்சை அம்புக்குறி வரிசையில் எல்லோரும் போகலாம். ஆரஞ்சு நிற 't' எழுத்து மட்டும் உள்ள வரிசை டேக் வைத்திருப்பவர்களுக்கு. 2 மீட்டர் உயரத் தடுப்பு உள்ள வரிசைப் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று: ஏ79, பாரிஸிலிருந்து நார்மண்டிக்குப் போகும் ஏ13, ஏ14 சாலைகளில் டோல்கேட்டே கிடையாது. கேமரா நம்பரைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். கேட் இல்லை என்றால் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது.

படி 6: சுவிட்சர்லாந்து

எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். 3.5 டன்னுக்கு மேற்பட்ட மோட்டார்ஹோமுக்கு 40 பிராங்க் ஸ்டிக்கர் தேவையில்லை. அதற்குப் பதில் ஒரு நாளைக்கு 3.25 பிராங்க், குறைந்தபட்சம் 25. நாங்கள் நான்கு நாள் இருந்தோம், கணக்குப்படி 13, ஆனால் 25 கட்டினோம். எட்டு நாளாவது இருந்தால்தான் நாள் கணக்கு வேலைக்கு வரும். விட்டு விட்டுப் போகிறவர்கள் 32.50 கட்டினால் ஒரு வருடத்துக்குள் விருப்பமான பத்து நாள் எடுத்துக்கொள்ளலாம்.

'வியா' என்ற ஆப்பில் எல்லைக்கு முன்பே கட்டிவிடலாம், ஐந்து நிமிட வேலை. இது பெரிய சாலைக்கு மட்டுமான வரி இல்லை. கிராமத்துச் சாலையில் போனாலும் கட்டியாக வேண்டும், "நாங்கள் ஹைவேயில் ஏறவில்லை" என்று சொல்ல முடியாது. கோட்ஹார்ட் சுரங்கம் கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

ஜெர்மனியில் மோட்டார்ஹோமுக்கு டோலே கிடையாது. லாரிச் சுங்கம் சரக்கு வண்டிகளுக்கு மட்டும்.

பிற்சேர்க்கை: தொண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டார், பின்னால் டிரெய்லர் இழுத்தால்? அதன் அச்சும் கணக்கில் சேரும். இத்தாலியில் 'பி' வண்டி ஓரச்சு டிரெய்லரோடு வகுப்பு 3 ஆகிவிடும். ஆஸ்திரியாவில் கிளம்பும் முன் கோ-பாக்ஸ் பட்டனை அழுத்தி அச்சு எண்ணிக்கையை நீங்களே மாற்ற வேண்டும், கழற்றியதும் மறுபடி குறைக்க வேண்டும்.

இன்னொரு பிற்சேர்க்கை: பெரியபட்டினத்துக்காரர் ஒருவரின் மகன் எடுத்திருக்கும் வண்டியில் எஃப்.2 3,500, எஃப்.1 அதைவிட அதிகம். காகிதத்தில் எடையைக் குறைத்துப் பதிந்த வண்டி. ஆஸ்திரியாவில் 2023 டிசம்பர் 1 முதல் எஃப்.1 தான் கணக்கு. அதற்கு முன்பே பதிவான வண்டிகளுக்குச் சலுகைக் காலம் உண்டு, முதல் பதிவுத் தேதியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர்கள் ஸ்லோவேனியா, ஹங்கேரியும் போகிறார்கள். ஸ்லோவேனியாவில் 3.5 டன்னைத் தாண்டிய வண்டிக்கு 'டார்ஸ்கோ' என்று வேறு ஒரு பெட்டி. ஹங்கேரியில் மோட்டார்ஹோம் எவ்வளவு கனமாக இருந்தாலும் 'டி2' வகை இ-விக்னெட் போதும், பதிவுச் சீட்டில் மோட்டார்ஹோம் என்று பதிந்திருக்க வேண்டும்.

எங்கள் வண்டியின் பதிவுச் சீட்டு நகலில் ஜி, எஃப்.1, எஃப்.2 மூன்றையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். கீழக்கரைப் பக்கம் வருகிறவர்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகலாம்.