மலைவீட்டுக்கு ஒரு வைஃபை பிரிண்டர்: எப்போதாவது அச்சிடுவோர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

நீலகிரியில் வீட்டு உபயோகத்துக்குப் பிரிண்டர் தேடுபவர்களில் பலருக்கு அச்சு வேலை மிகக் குறைவு. பிள்ளையின் தேர்வு நுழைவுச்சீட்டு, பட்டா நகல், ஆதார் நகல், வங்கிக்குக் கொடுக்க வேண்டிய ஒரு படிவம், தங்கும் விடுதி நடத்துபவராக இருந்தால் விருந்தினருக்கான ரசீது என மாதம் பதினைந்து இருபது பக்கங்களைத் தாண்டாது. இந்த அளவு அச்சிடுபவருக்குப் பிரிண்டர் வேலை செய்யும் நேரத்தைவிட அது சும்மா கிடக்கும் நேரமே செலவைத் தீர்மானிக்கிறது. அதிலும் ஆண்டின் பாதி நாட்கள் ஈரமும் குளிருமாக இருக்கும் மலையூரில், சும்மா கிடக்கும் இயந்திரத்துக்கு என்ன ஆகிறது என்பதை முதலில் கேட்டுவிட்டுத்தான் விலையைப் பார்க்க வேண்டும்.

வாங்கத்தான் வேண்டுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கத்துக்கு ஐந்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், மாதம் இருபது பக்கத்துக்கு நூறு ரூபாய், ஆண்டுக்கு 1,200 ரூபாய்தான் ஆகிறது. பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் பிரிண்டர் இந்தக் கணக்கில் போட்ட பணத்தை எடுக்கவே எட்டு ஒன்பது ஆண்டுகள் பிடிக்கும். எனவே உதகை கமர்ஷியல் சாலைக்கோ குன்னூர் பெட்ஃபோர்டுக்கோ நடந்து போகும் தூரத்தில் இருப்பவர், சேமிப்பு என்ற காரணத்துக்காக வாங்க வேண்டியதில்லை. எஸ்டேட் குடியிருப்பிலும் படகர் ஊர்களான ஹட்டிகளிலும் இருந்துகொண்டு, ஒரு தாளுக்காக மழையில் பஸ் பிடித்துப் போய்வர வேண்டியவருக்குத்தான் இது உண்மையாகப் பயன்படும். அவர் கொடுக்கும் பணம் அலைச்சலைக் குறைப்பதற்கானது.

சந்தையில் இந்தத் தேவைக்கு மூன்று வகைகள் கிடைக்கின்றன. மை அடைத்த கார்ட்ரிஜ் போடும் இங்க்ஜெட், பாட்டிலிலிருந்து மை ஊற்றும் இங்க் டேங்க், கறுப்பு வெள்ளை லேசர். வைஃபை உள்ள கார்ட்ரிஜ் பிரிண்டர் ஏறத்தாழ நாலாயிரத்திலிருந்து ஆறாயிரம் ரூபாய்க்கும், மற்ற இரண்டும் பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரையிலும் விற்கப்படுகின்றன. ஸ்கேனரும் சேர்ந்த லேசர் என்றால் அதற்கும் மேலே போகும். சலுகை நாட்களில் இந்த விலைகள் ஏறி இறங்கும் என்பதால், ரூபாயைவிட வகையை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது.

கடைக்காரர் பெரும்பாலும் இங்க் டேங்கைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். அதில் தவறில்லை, நிறைய அச்சிடுபவருக்கு அதைவிட மலிவான வழி இல்லை. எப்சன் 003 எண் கறுப்பு மை பாட்டில் ஒன்று 65 மில்லி. அதில் 4,500 பக்கங்கள் வரும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. ஆனால் மாதம் பதினைந்து பக்கம் அச்சிடுபவர் அந்த ஒரு பாட்டிலைத் தீர்க்க, கணக்குப்படி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும். மைக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. பெட்டியின் மேல் எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். பக்கத்துக்குச் சில பைசா என்ற விளம்பரம் நமக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. பக்கக் கணக்கை அளக்கும் சர்வதேச முறையில், ஒரு பக்கத்தில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு பரப்பே மூடும்படியான தாள்களை நிறுத்தாமல் தொடர்ந்து அச்சிட்டுப் பார்க்கிறார்கள். வீட்டில் நடப்பது அதற்கு நேர்மாறு. மூன்று வாரம் கழித்து பிரிண்டரை இயக்கினால், அது முதலில் தாளில் மையைத் தெளிக்கும் தன் மைமுனைகளைத் தானே கழுவிக்கொள்கிறது. அந்தக் கழுவலில் போகும் மை எந்தப் பக்கக் கணக்கிலும் சேராது. முனைகள் காய்ந்திருந்தால் சோதனைப் பக்கத்தில் மஞ்சளோ நீலமோ வரவேண்டிய படிக்கட்டுக் கோடுகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாக விட்டுப்போயிருக்கும். உடனே மறுபடி மறுபடி கழுவ விடுவதால் மை தீருமே தவிர, பல நேரங்களில் பயன் குறைவு. இரண்டு முறை கழுவியும் கோடுகள் வராவிட்டால் சில மணி நேரம் நிறுத்திவைத்து மீண்டும் முயல வேண்டும். கழுவிய மையெல்லாம் இயந்திரத்தின் அடியில் உள்ள பஞ்சில் போய்ச் சேருகிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்குக் காட்டினால் பிரிண்டர் அச்சிட மறுத்துவிடும். சில மாடல்களில் இந்தப் பஞ்சு உள்ள பெட்டியை நாமே கழற்றி மாற்றலாம். பலவற்றில் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போக வேண்டும். மலையில் இருப்பவர் இங்க் டேங்க் வாங்குவதானால் முதல் வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்பது இங்கே சாதாரணக் கேள்வி இல்லை. பெரும்பாலும் அது கோயம்புத்தூரில்தான் இருக்கும். மை நிரம்பிய டேங்க் பிரிண்டரைக் காரின் பின் இருக்கையில் வைத்து, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக்கொண்டு போவது எளிதில்லை. மூடி தளர்ந்திருந்து இயந்திரம் சற்றே சாய்ந்தாலும் மை உள்ளே பரவிவிடும். எடுத்துப் போகத்தான் வேண்டும் என்றால் மூடிகளை இறுக்கி, மை ஓடாமல் தடுக்கும் போக்குவரத்துப் பூட்டு இருந்தால் அதைத் திருப்பி, பாலித்தீன் பையில் சுற்றி, மட்டமாகவே வைத்துப் போக வேண்டும். இணையத்தில் வாங்குபவர் 643 என்று தொடங்கும் தம் பின்கோடைக் கொடுத்து, வீட்டுக்கு வந்து பழுது பார்க்கும் வசதி அந்த முகவரிக்கு உண்டா என்று நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டுவிட்டே பணம் கட்ட வேண்டும். பொருள் வந்து சேரும் ஊர் எல்லாவற்றுக்கும் மெக்கானிக்கும் வருவார் என்று நம்பக் கூடாது.

கார்ட்ரிஜ் பிரிண்டரைப் பலரும் ஏளனமாகப் பேசுவார்கள். மைக்கான செலவு பக்கத்துக்குப் பல ரூபாய் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் மலிவான மாடல்கள் பலவற்றில் மைமுனை கார்ட்ரிஜிலேயே அமைந்திருக்கிறது. காய்ந்து போனால் கார்ட்ரிஜைத் தூக்கிப் போட்டுப் புதிது மாட்டிவிட்டால் பிரிண்டர் மறுபடி புதிதாகிவிடும். கோயம்புத்தூர் போக வேண்டியதில்லை. வண்ணம் கட்டாயம் வேண்டும், ஆண்டுக்கு நூறு பக்கத்துக்கு மேல் வராது, கையிலும் ஐயாயிரம்தான் இருக்கிறது என்பவருக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன். ஒரு நிபந்தனை உண்டு. சில மாடல்கள் எப்போதும் இணையத்தோடு இணைந்திருந்தால்தான் வேலை செய்யும், அந்த நிறுவனத்தின் மையைத் தவிர வேறெதையும் ஏற்காது என்ற ஒப்பந்தத்தோடு வருகின்றன. பெட்டியின் மேல் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த வரியைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

வண்ணம் கட்டாயமில்லை என்றால் கறுப்பு வெள்ளை லேசரே இந்தத் தேவைக்கு ஏற்றது என்பது என் முடிவு. அதில் ஈர மை என்பதே கிடையாது. டோனர் என்பது உலர்ந்த பொடி. மூன்று மாதம் மூடிவைத்துவிட்டு எடுத்து அச்சிட்டாலும் முதல் பக்கம் தெளிவாக வரும். சிறிய டோனர் ஒன்றில் பொதுவாக 1,500 பக்கங்கள் வரை வரும். புதுப் பிரிண்டரோடு வருவது பெரும்பாலும் அதைவிடச் சிறிய தொடக்க டோனராக இருக்கும். ஐந்நூறு பக்கம் தரும் ஒன்றாக இருந்தாலும் மாதம் பதினைந்து பக்கம் என்ற கணக்கில் இரண்டரை ஆண்டுக்கு மேல் வரும். அதன்பின் வாங்க வேண்டிய டோனரின் விலையை இப்போதே விசாரித்துவிட வேண்டும், ஏனென்றால் சில மாடல்களில் அசல் டோனரின் விலை பிரிண்டர் விலையில் கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. மழையில் நனைந்த விரலால் தொட்டாலும் லேசர் எழுத்து கலையாது என்பது, அலுவலகத்துக்கு விண்ணப்பம் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி. இங்க்ஜெட்டின் வண்ண மை அப்படித் தாங்காது. வீட்டில் சாக்லேட்டோ ஊறுகாயோ செய்து விற்பவர் லேபிள் அச்சிட நினைத்தால் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

லேசரிலும் மலைக்கென்று மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது மின்சாரம். பொடியைத் தாளோடு உருக்கி ஒட்டும் உருளை சூடேற வேண்டியிருப்பதால், அச்சிடும்போது 300 முதல் 500 வாட் வரையும், சூடேறும் நொடிகளில் அதற்கு மேலும் இழுக்கும். அந்நேரம் அறையின் விளக்கு ஒரு கணம் மங்குவதைக் காணலாம். மரம் விழுந்து மின்சாரம் போகும் நாட்களில் சிறிய இன்வெர்ட்டரிலோ கணினிக்கான யுபிஎஸ்ஸிலோ அதை மாட்டக் கூடாது. மின்வெட்டு நேரத்திலும் அச்சிட்டாக வேண்டும் என்பவருக்கு இருபது வாட் அளவில் ஓடும் இங்க்ஜெட்தான் பொருந்தும்.

இரண்டாவது உயரம். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டரிலும் உதகை 2,240 மீட்டரிலும் இருக்கின்றன. லேசர் பிரிண்டர் உயர் மின்னழுத்தத்தைக் கொண்டு பொடியை இழுத்து ஒட்டவைப்பதால், காற்றழுத்தம் குறைந்த இடத்தில் அச்சின் தரம் மாறக்கூடும். அதனால் சில மாடல்களின் அமைப்புப் பட்டியலில் ஆல்டிடியூட் என்ற ஒரு தேர்வு இருக்கிறது. சமவெளிக்கான நிலையில் வரும் இயந்திரத்தில் இதை ஊரின் உயரத்துக்கு ஏற்ப மாற்றிவிட்டாலே மங்கல் சரியாகிவிடுவது உண்டு. பல கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை.

மூன்றாவதாகத் தாள். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபருக்குப் பிறகும் பிரித்த தாள் கட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓரம் அலை அலையாக நெளிந்திருப்பதைக் கட்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாலே தெரியும். அந்தத் தாளில் அச்சிட்டால் சிக்கிக்கொள்ளும், அல்லது சுருண்டு வெளிவரும், அல்லது கட்டை விரலால் தேய்த்தால் எழுத்து பொடியாக உதிரும். பிரிண்டரைக் குறை சொல்வதற்கு முன் புதுக் கட்டிலிருந்து இரண்டு தாள் எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். தட்டில் பத்துத் தாளுக்கு மேல் விட்டுவைக்காமல், மீதியை அதன் உறையோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைப்பது போதும். குளிர்காலக் காலையில் அறையின் வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கினால், பெரும்பாலான பிரிண்டர்களுக்குக் குறிக்கப்பட்ட எல்லையைத் தாண்டிவிடுகிறது. வெயில் ஏறிய பின் அச்சிடலாம். குளிரில் கிடந்த பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்தவுடன் மின்சாரம் கொடுக்காமல், உள்ளே படிந்த நீர் உலரும்வரை சில மணி நேரம் விட வேண்டும்.

வைஃபை விஷயத்தில் நினைவில் கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். மலிவு விலைப் பிரிண்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். ரூட்டர் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் ஒளிபரப்பினால் பிரிண்டர் இணைய மறுத்து அடம்பிடிக்கும். ரூட்டரின் அமைப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, முதல் இணைப்பின்போது போனையும் 2.4-இலேயே வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பழைய எஸ்டேட் பங்களாக்களின் கனத்த கல் சுவர்கள் அலைகளை விழுங்கிவிடுவதால், பிரிண்டரை ரூட்டர் இருக்கும் அறையிலேயே வைப்பது உத்தமம். வீட்டில் பிராட்பேண்டே இல்லாதவர் வைஃபை டைரக்ட் வசதி உள்ள மாடலைக் கேட்க வேண்டும். அதில் ரூட்டர் இல்லாமலே போனிலிருந்து நேராக அச்சிடலாம். ஆண்ட்ராய்டு போனுக்கு மோப்ரியா, ஐபோனுக்கு ஏர்பிரிண்ட் என்ற சொற்கள் பெட்டியில் இருந்தால் தனிச் செயலி இல்லாமலும் வேலை நடக்கும். கூடவே யுஎஸ்பி இணைப்பும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வைஃபை முரண்டு பிடிக்கும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

ஸ்கேனருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதா என்பது, அடையாள அட்டைகளை அடிக்கடி நகல் எடுக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. இல்லையென்றால் போன் கேமராவே போதும். இரு பக்கமும் தானாக அச்சிடும் வசதிக்கு, இவ்வளவு குறைவாக அச்சிடுபவர் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வண்ணத்துக்காக இங்க்ஜெட்டையே வாங்குபவர், வாரத்துக்கு ஒருமுறை எல்லா வண்ணமும் உள்ள ஒரு சிறு பக்கத்தை அச்சிட்டுவிட வேண்டும். அணைக்கும்போது சுவர் சுவிட்சை நேராக அணைக்காமல், பிரிண்டரின் பொத்தானை அழுத்தி அது முழுவதும் ஓய்ந்த பிறகே அணைக்க வேண்டும். அப்போதுதான் மைமுனை தன் மூடிக்குள் போய் அமரும். அச்சிடும் நடுவில் மின்சாரம் போய்விட்டால், திரும்ப வந்ததும் ஒருமுறை இயக்கி, பொத்தானால் அணைக்க வேண்டும்.

எந்த வகையாக இருந்தாலும் பெட்டி வந்த அன்றே பிரித்து, போனிலிருந்து ஒரு பக்கம், கணினியிலிருந்து ஒரு பக்கம், ஸ்கேனர் இருந்தால் ஒரு நகல் என எடுத்துப் பார்த்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் சில நாட்களே என்பதாலும், மலைக்கு வந்து பெட்டியை எடுத்துப் போகும் ஆள் சொன்ன நாளில் வராமல் போவதும் உண்டு என்பதாலும், பழுதைக் கெடுவின் கடைசி நாளில் கண்டுபிடித்தால் சிரமம். அட்டைப் பெட்டியையும் உள்ளிருந்த தெர்மாகோலையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள்.