சொந்த லேப்டாப், ஆபீஸ் நெட்வொர்க்: சேராததைச் சேர்க்கப் போய்...

ஒரு திங்கட்கிழமை காலை, நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தில் பாதிப் பேருக்கு இன்டர்நெட் இல்லை. வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரை அணைக்காமல் போனவர்களுக்கு ஒழுங்காக வந்தது. காலையில் வந்து ஆன் செய்தவர்களுக்குத்தான் சிக்கல். மதியம்வரை தேடியதில், மீட்டிங் அறை மேசைக்கு அடியில் யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த வைஃபை ரூட்டர் கிடைத்தது. புதிதாகச் சேர்ந்தவரின் மெல்லிய லேப்டாப்பில் லேன் கேபிள் செருக இடமில்லை, வைஃபை பாஸ்வேர்டும் இன்னும் கைக்கு வரவில்லை. சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று சுவரிலிருந்து வந்த கேபிளை ரூட்டரின் லேன் போர்ட்டில் (கம்ப்யூட்டர்களை இணைக்கும் துளை) செருகிவிட்டார்.

எந்தக் கம்ப்யூட்டர் ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் அதற்கான அடையாள எண்) கேட்டாலும் வீட்டு ரூட்டர் உடனே கொடுத்துவிடும். அலுவலகத்தில் அந்த வேலைக்கென்று ஏற்கெனவே ஒரு டி.எச்.சி.பி. சர்வர் இருக்கும். எது முந்திப் பதில் சொல்கிறதோ, அது கொடுத்ததைத்தான் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். அன்று பாதிப் பேருக்கு ரூட்டர் முந்திவிட்டது, அது கொடுத்த முகவரியிலிருந்து இன்டர்நெட்டுக்கு வழி இல்லை. வெளி இணைப்புக்கான வேன் (WAN) போர்ட்டில் செருகியிருந்தால் இந்தக் கலாட்டா இருந்திருக்காது. ஆனால் அந்த ரூட்டரின் பாஸ்வேர்டு தெரிந்த எவரும் தெருவில் நின்றபடியே அலுவலக நெட்வொர்க்குக்குள் வந்துவிடலாம். ஐ.டி. ஆட்களிடம் ஒரு யு.எஸ்.பி. லேன் அடாப்டர் கேட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

ரூட்டர்வரை போகாதவர்கள் செய்வது, ஐ.பி. எண்ணைத் தாங்களே போட்டுக்கொள்வது. நெட்வொர்க் செட்டிங்கில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால், முகவரி கேட்டு யாரும் பதில் தராததால் கம்ப்யூட்டரே தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிள் சரியில்லாமல் இருக்கலாம். பதிவு செய்யாத கருவி என்று, கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் தடுத்திருக்கலாம். இதைப் பார்க்காமல் பக்கத்து இருக்கைக்காரரின் எண்ணில் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றிப் போடுகிறோம். தடை ஸ்விட்சில் இருந்தால் இதனால் ஒரு பயனும் இல்லை. அதிர்ஷ்டவசமாக வேலை செய்தாலும், அணைத்து வைத்திருந்த பிரிண்டரின் எண் அதுவாக இருந்துவிட்டால், பிரிண்டரை ஆன் செய்யும்போது இரண்டுக்கும் மோதல். மாலையில் வீட்டுக்குப் போனால் அங்கும் நெட் வராமல் போகலாம். மாற்றிப் போட்ட எண் அப்படியே இருக்கும்.

பெயரைக் கொடுத்தால் அதன் ஐ.பி. எண்ணைத் தேடித் தரும் டி.என்.எஸ். சர்வரை, கூகுளின் 8.8.8.8 என்று மாற்றுவதும் இதே ரகம். இணையதளம் எல்லாம் பறக்கும், ஃபைல் சர்வர் மட்டும் காணாமல் போகும். அந்தச் சர்வரின் பெயர் அலுவலக டி.என்.எஸ்.-க்கு மட்டுமே தெரியும், கூகுளுக்குத் தெரியாது.

அப்புறம் டொமைன், அதாவது அலுவலகக் கம்ப்யூட்டர்களையும் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஏற்பாடு. விண்டோஸ் ஹோம் பதிப்பை ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் சேர்க்கவே முடியாது. அதற்கு ப்ரோ வேண்டும். இது தெரியாமல் ஃபார்மட் செய்து பார்த்தவர்களும் உண்டு. சேர்க்காமலே, அனுமதி இருந்தால் பகிர்ந்த ஃபோல்டரைத் திறக்கலாம்: யூசர் பெயருக்கு முன்னால் டொமைன் பெயரையும் பின்சாய்கோட்டையும் (\) போட வேண்டும், அவ்வளவுதான். அங்கே அலுவலகக் கணக்கின் பாஸ்வேர்டைத்தான் கேட்கிறது. லேப்டாப் திறக்கும் நான்கு இலக்கப் பின் (PIN) நம்பரை அடித்துவிட்டு 'ஏற்க மாட்டேன் என்கிறதே' என்று புலம்பியவர்களில் நானும் ஒருவன். ப்ரோ வைத்திருந்து டொமைனில் சேர்ப்பவர்கள் கடிகாரத்தையும் பாருங்கள். சர்வர் நேரத்துக்கும் லேப்டாப் நேரத்துக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், இயல்பான அமைப்பில் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை உள்ளே விடாது.

என் கணக்கில் மிக மோசமான தவறு, நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் பழைய நெறிமுறையான எஸ்.எம்.பி. 1-ஐ மீண்டும் ஆன் செய்வது. அலுவலக மூலையில் எல்லோரும் ஃபைல் சேமிக்கும் ஒரு பழைய நெட்வொர்க் பெட்டி இருக்கும், புது லேப்டாப் அதைத் திறக்காது. யூடியூபில் தேடினால் 'இந்த ஒரு டிக் போடுங்கள்' என்று வரும், போட்டதும் திறந்துவிடும். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் பரவியது அந்தப் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள்கூடத் தடுமாறிப் போயின. மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு இறுதியிலிருந்தே அதை விண்டோஸிலிருந்து நீக்கத் தொடங்கியது. 2024-இல் வந்த விண்டோஸ் 11 ப்ரோ பதிப்போ, பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவையும் இயல்பாக மறுக்கிறது. ஆகவே லேப்டாப்பைத் தளர்த்தாதீர்கள். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, எஸ்.எம்.பி. 2 அல்லது 3-க்கு மாற்றி, உங்களுக்கென்று பாஸ்வேர்டுடன் ஒரு கணக்கு உருவாக்கச் சொல்லுங்கள். அந்த வசதியே இல்லாத பெட்டி என்றால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது.

வீட்டிலிருந்து வி.பி.என். (இணையம் வழியே அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டிலும் அலுவலகத்திலும் 192.168.1 என்றே எண்கள் தொடங்கினால், இணைப்பு பச்சையாகத் தெரிந்தும் சர்வர் திறக்காமல் போகலாம். வீட்டு ரூட்டரில் அதை 192.168.50 என்று மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சின்னக் கட்டம். சொந்த லேப்டாப்பில் அலுவலகக் கணக்கை வைத்து வேர்டிலோ டீம்ஸிலோ நுழையும்போது, 'என் சாதனத்தை நிறுவனம் நிர்வகிக்கலாம்' என்ற பொருளில் ஒரு டிக் ஏற்கெனவே போடப்பட்டு வரக்கூடும். படிக்காமல் ஓ.கே. அழுத்தினால், அலுவலகத்தின் ஏற்பாட்டைப் பொறுத்து, லேப்டாப்பைத் தொலைவிலிருந்து அழிக்கும் அதிகாரம்வரை அவர்களிடம் போகலாம். டிக்கை எடுத்துவிட்டு, இந்த ஆப்பில் மட்டும் நுழைவதற்கான வழியைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே அழுத்திவிட்டவர்கள், வேலையை விடுவதாகக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே குழந்தையின் போட்டோக்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்துவிடுங்கள்.