பழைய வெள்ளிக் கிலுகிலுப்பை சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

என் பாட்டி மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவில் ஆயாவாக வேலை பார்த்தவர். துரை குடும்பம் சீமைக்குக் கப்பலேறிய அன்று, அந்த வீட்டுப் பிள்ளை விளையாடிய வெள்ளிக் கிலுகிலுப்பையைப் பாட்டியின் கையில் வைத்துவிட்டுப் போனார்களாம். உருண்டையான சிறு மணிகள் நான்கு, அடியில் பால்நிறச் சிப்பி வளையம். ஒரு மணியின் ஓரத்தில் பால்பல் பதிந்த இரண்டு பள்ளங்கள் இன்னும் தெரிகின்றன. அதிலிருந்துதான் என் சேகரிப்பு தொடங்கியது. இப்போது என்னிடம் 27 கிலுகிலுப்பைகளும், பல் முளைக்கும் பிள்ளைகள் கடிப்பதற்கான ஈறு வளையங்கள் 9-ம் இருக்கின்றன. முதல் இரண்டு ஆண்டுகளில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைப் புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

1. தேடுவது

பழைய சாமான் வாங்கும் கடைகளில் சொல்லி வையுங்கள். ஈப்போவில் ஞாயிறு காலை கூடும் பழைய பொருள் சந்தைக்கு விடிவதற்குள் போய்விடுங்கள். தோட்டத்தை விட்டு வீடு மாறுகிறவர்களிடமும் கேளுங்கள். நம் வீடுகளில் இருக்கும் பாலாடை, சங்கு, தண்டை, அரைஞாண் கொடி ஆகியவற்றோடு கலந்துதான் இவை பெரும்பாலும் கிடக்கும். எடைக்கு வெள்ளி விலை பேசுகிற கடையில் அவசரப்பட வேண்டாம். கிலுகிலுப்பையின் தகடு மெல்லியது, உள்ளே வெற்றிடம். வெள்ளியின் எடை சொற்பம். அதன் மதிப்பு முத்திரையிலும் முழுமையிலும்தான் இருக்கிறது.

2. முத்திரையைப் படிப்பது

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நகைப் பத்தர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அதுதான். முப்பது மடங்கு, அறுபது மடங்கு என்று விற்கும் மலிவுக் கண்ணாடிகளை வாங்காதீர்கள். பார்வைப் பரப்பு சுருங்கிப் படம் கலங்கும். கைப்பேசி விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தேய்ந்த முத்திரையாக இருந்தால் அதன் மேல் வாயால் ஊதுங்கள். மூச்சின் ஈரம் படர்ந்து மறையும் அந்த இரண்டு விநாடியில் கோடுகள் துலங்கும்.

நம் நாட்டில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் செய்தவை. நடக்கும் சிங்கத்தின் உருவம் இருந்தால் ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. பக்கத்திலுள்ள சின்னம் வெள்ளியின் தரத்தை எந்த ஊரில் சோதித்தார்கள் என்பதைச் சொல்லும். நங்கூரம் பர்மிங்காமுக்கு, சிறுத்தைத் தலை லண்டனுக்கு, மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகளும் வாளும் செஸ்டருக்கு. செஸ்டர் சோதனை நிலையம் 1962-இல் மூடப்பட்டது. கிலுகிலுப்பைகளில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது நங்கூரம்தான். அரசன் அல்லது அரசியின் தலை பொறித்திருந்தால் அது பெரும்பாலும் வரி செலுத்தியதற்கான அடையாளம். வரிக்கான அந்தத் தலையை 1784 முதல் 1890 வரைதான் குத்தினார்கள். ஆகவே விக்டோரியா தலை கண்ட பொருள் 1890-க்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது.

இன்னொரு கட்டத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அது ஆண்டைக் குறிப்பது. பர்மிங்காமில் 1900-இல் சிறிய 'ஏ' தொடங்கி, 'ஜே'யை மட்டும் விட்டுவிட்டு, 1924-இல் 'இசட்' வரை போனார்கள். 1925-இல் பெரிய 'ஏ'. எழுத்தின் வடிவத்தோடு அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆண்டு சரியாக வரும். பாட்டியின் கிலுகிலுப்பையில் இருப்பது சிறிய 'ஓ', 1913. இந்த எழுத்து ஆண்டின் நடுவில் மாறியதால் 1913-14 என்று எழுதி வைப்பதே முறை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தனித்தனிக் கட்டங்களில் 'ஈ', 'பி', 'என்', 'எஸ்' என்று நான்கு எழுத்துகள் வரிசையாக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் முத்திரை போலவே இருக்கும். 'நிக்கல் வெள்ளி' என்ற உலோகத்தின் மேல் பூசிய வெள்ளி முலாம் அது. அடியில் இருக்கும் 'நிக்கல் வெள்ளி'யில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. காந்தம் வைத்துப் பார்ப்பதும் உதவாது. நிக்கல் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது. மாறாக, உள்ளே இரும்புக் குண்டு போட்ட நல்ல வெள்ளிக் கிலுகிலுப்பை காந்தத்தை இழுக்கும். அப்படி ஒன்றை நான் போலி என்று நினைத்துக் கைநழுவ விட்டேன். நீரில் மூழ்கவைத்து அடர்த்தி பார்க்கும் வழியும் இதற்குச் சரிவராது, உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது.

(பிற்சேர்க்கை: 'விக்டோரியா காலம்' என்று விற்ற ஒரு கிலுகிலுப்பையில் 925 என்ற எண் மட்டுமே இருக்கிறதே என்று பீடோங் வாசகி ஒருவர் படம் அனுப்பியிருந்தார். சந்தேகப்படுங்கள், அம்மா. இங்கிலாந்தில் செய்த பொருள்களில் அந்த எண் கட்டாயமானது 1999-இல்தான். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வெள்ளியில் 1904 முதலே .925 குத்தினார்கள், ஆனால் அதோடு சோதனை நிலையத்தின் சின்னமும் ஆண்டெழுத்தும் இருக்கும்.)

3. வளையம் எதனால் ஆனது?

கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்து, திருப்பும்போது உள்ளிருந்து வானவில் நிறம் ஓடினால் முத்துச்சிப்பி. ஊசிமுனை அளவு கரும்புள்ளிகள் இருந்தால் எலும்பு. குறுக்கும் நெடுக்குமாக வலைப்பின்னல் கோடுகள் தெரிந்தால் தந்தம். நான் தந்தம் வாங்குவதில்லை, யாரும் வாங்க வேண்டாம் என்பதே என் எண்ணம். கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வருகிறதா? செல்லுலாய்டு என்னும் பழைய பிளாஸ்டிக். அதைச் செய்யும்போது கற்பூரம் சேர்த்தார்கள். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள், செல்லுலாய்டு குப்பென்று தீப்பிடிக்கும்.

சிவப்புக் கொம்பு போல நீட்டிக்கொண்டிருந்தால் பவளம். இவை இன்னும் பழையவை, பெரும்பாலும் மறுமுனையில் ஊதலும் இருக்கும். பவளம் குழந்தையைக் காக்கும் என்று ரோமானிய அறிஞர் பிளினியே எழுதியிருக்கிறார். நாம் பச்சைப்பிள்ளையின் கையில் வசம்பு கட்டியது போல அவர்கள் பவளம் கொடுத்தார்கள். இதை முதன்முதலில் படித்த அன்று துரை வீட்டுப் பிள்ளையும், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளையும் என் மனத்தில் ஒரே பாயில் உட்கார்ந்துவிட்டார்கள்.

4. சுத்தம் செய்வது

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். நான் இங்கேதான் இழந்தேன்.

பாட்டியின் கிலுகிலுப்பை கறுத்திருந்தது. தீபாவளிக்கு முன்பு குத்துவிளக்குகளோடு சேர்த்துப் புளிக்கரைசலில் போட்டுவிட்டேன். அரைமணி கழித்து எடுத்தபோது மணிகள் ஓரளவு வெளுத்திருந்தன. வளையத்தின் நீலமும் ரோஜாவும் போய், தேய்ந்த சுண்ணாம்புக்கட்டி போல மங்கியிருந்தது. முத்துச்சிப்பி ஏறத்தாழ முழுக்கவும் சுண்ணாம்புச் சத்து. புளி, எலுமிச்சை, வினிகர் என எந்த அமிலமும் அதன் மேற்பரப்பைக் கரைத்துவிடும். பவளத்துக்கும் இதே கதி. போன மினுக்கம் திரும்பவில்லை. கடையில் விற்கும் வெள்ளி தோய்க்கும் திரவங்களிலும் அமிலம் இருப்பதால் அவற்றையும் நான் ஒதுக்கிவிட்டேன்.

அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்ட வெந்நீர் முறை வெள்ளிக் கரண்டிக்கு நல்லது. கறுப்பு என்பது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த சேர்மம். அம்முறை கந்தகத்தைப் பிரித்து வெள்ளியை அங்கேயே விட்டுவிடும். ஆனால் கிலுகிலுப்பையை எந்த நீரிலும் முக்கக் கூடாது. மூட்டு வழியாக உள்ளே புகுந்த நீர் வெளியே வராது. உள்ளிருக்கும் குண்டு துருப்பிடித்தால் ஓசையே மாறிவிடும்.

நான் இப்போது செய்வது இதுதான். நயமான சுண்ணக்கட்டித் தூளைச் சில சொட்டு நீரில் குழைத்து, பழைய வேட்டித் துணியின் நுனியில் தொட்டு, வெள்ளியை மட்டும் வட்டமிடாமல் ஒரே திசையில் துடைக்கிறேன். வளையத்தைத் துணியால் சுற்றிக் கட்டி மறைத்துவிடுவேன். இடுக்குகளுக்கு மூங்கில் பற்குச்சி. முத்திரை இருக்கும் இடத்தைத் தேய்ப்பதே இல்லை. விபூதியால் துலக்கலாமா என்று பலர் கேட்டார்கள். பூசைப் பாத்திரத்துக்குத் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கடையில் வாங்கும் விபூதியின் நயம் ஒன்றுபோல் இருப்பதில்லை, நூறு வயதான மெல்லிய தகட்டில் கீறல் விழும். பற்பசை வேண்டவே வேண்டாம். பூவேலைப்பாட்டின் பள்ளங்களில் தங்கிய கறுப்பை அப்படியே விடுங்கள், வேலைப்பாடு எடுப்பாகத் தெரிவது அதனால்தான்.

5. வைப்பது

பருத்திப் பையில் ஒவ்வொன்றையும் தனியாக வையுங்கள். ஈரம் உறிஞ்ச ஒரு சுண்ணக்கட்டி போடுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம். செல்லுலாய்டு வளையம் கொண்டவற்றைக் காற்றோட்டமாக வேறு பெட்டியில் வையுங்கள், நாளடைவில் அதிலிருந்து கசியும் ஆவி பக்கத்திலுள்ள வெள்ளியையும் அரிக்கும்.

(பிற்சேர்க்கை: பாகான் செராய் வாசகர் ஒருவர், பையில் பத்திரமாக வைத்தும் நடுவில் மட்டும் கரும்பட்டை விழுந்திருக்கிறது என்று எழுதினார். பையின் வாயை எதனால் கட்டினீர்கள் என்று கேட்டேன். ரப்பர் வளையம். மரத்துப் பாலை உறுதியான ரப்பராக்கக் கந்தகம் சேர்க்கிறார்கள். அந்தக் கந்தகம் துணியைத் தாண்டியும் வெள்ளியைக் கறுக்க வைக்கும். மூன்று தலைமுறையாக ரப்பர் மரத்தை நம்பிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்த எனக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது. நூலால் கட்டுங்கள்.)

கடைசியாக, அடிக்கடி வரும் ஒரு கேள்வி: இதைக் குழந்தையிடம் கொடுக்கலாமா? கூடாது. மணியைப் பிடித்திருக்கும் கண்ணி நூறாண்டில் நூலிழையாகத் தேய்ந்திருக்கும், கழன்றால் நேராகத் தொண்டைக்குத்தான் போகும். தகடுகளை ஒட்டிய பற்றாசில் ஈயம் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. என் பேத்திக்குத் தொட்டிலிட்ட அன்று, பத்தரிடம் புதிதாகச் செய்த வெள்ளிக் காப்புதான் போட்டோம். பாட்டியின் கிலுகிலுப்பையை நான் எட்ட நின்று ஆட்டினேன். நான்கு மணிகளில் ஒன்றின் ஓசை மட்டும் கொஞ்சம் கம்மியிருக்கும். அது பல் பதிந்த மணி.